விளைச்சலில் பங்கு, வறட்சியிலும் பங்கு

வைகை பிறப்பது வருசநாட்டு மலையில். ஆனால் வைகையால் வாழ்ந்தோரைக் கணக்கெடுத்தால் வருசநாட்டாரின் பெயர் கடைசியில்தான் வரும். 1895இல் முல்லைப் பெரியாற்று அணை எழுந்தபின், மலைக்கு மேற்கேயுள்ள கம்பம் பள்ளத்தாக்கு இருபோக நெல் விளையும் பூமியாயிற்று. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணை மதுரைப் பக்கத்து வயல்களை நனைத்தது. மூல வைகைக் கரையில் உள்ளவர்களோ இன்றும் வானத்தையும் கண்மாயையும் கிணற்றையும் நம்பித்தான் தென்னையும் மொச்சையும் இலவமும் வளர்க்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர் குடும்பங்கள் சிலர் சேர்ந்து, கடமலைக்குண்டுப் பக்கத்து உழவர் ஒருவருடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். பருவத் தொடக்கத்திலேயே பணம் கொடுத்துவிடுவது, விளைவதில் வாரந்தோறும் ஒரு பங்கு பெற்றுக்கொள்வது என்பதே ஏற்பாடு. முதல் ஆண்டே ஐப்பசி மழை பொய்த்தது. கூடை வாரத்துக்கு வாரம் இளைத்தது. கார்த்திகையில் முருங்கைக் கீரையும் இரண்டு தேங்காயுமே வந்தன. எங்களுள் ஒருவர் கேட்டார்: “கொடுத்த பணத்துக்குக் கணக்கு என்ன?” அந்தக் கேள்விதான் எங்களை வரலாற்றைப் புரட்ட வைத்தது.

இத்தகைய ஏற்பாட்டின் இன்றைய வடிவத்தைத் தேடினால் முதலில் சப்பானுக்குச் செல்லவேண்டும். பூச்சிக்கொல்லி கலந்த உணவைக் கண்டு அஞ்சிய குடும்பத் தலைவியர், 1970களில் உழவர்களை நேரில் நாடினர். இச்சிராக்கு தெருவோ என்பவரின் முயற்சியால் 1971இல் அங்கே இயற்கை வேளாண்மைச் சங்கம் தோன்றியது. உழவரும் உண்பவரும் கைகோத்த இவ்வுறவுக்குத் ‘தெய்க்கெய்’ என்று பெயர். 1978இல் சங்கம் அதற்குப் பத்து நெறிகளை வகுத்தது. விளைந்ததை முழுவதும் ஏற்றுக்கொள்ளுதல், இருவரும் விட்டுக்கொடுத்து விலையை முடிவு செய்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். ஐரோப்பாவில் இதையொத்த முயற்சிகள் தனியே தோன்றின. அமெரிக்காவில் 1986இல் மாசசூசெட்சிலும் நியூ ஆம்ப்சையரிலும் இரு பண்ணைகள் இம்முறையைத் தொடங்கின. அதற்கு முன்பே, அலபாமாவின் தசுக்கீகியில் பேராசிரியராயிருந்த கறுப்பின வேளாண் அறிஞர் புக்கர் வாட்லி, உறுப்பினர் சந்தாவால் சிறு உழவரைக் காக்கும் வழியைப் பரப்பி வந்தார்.

தமிழகத்தில் 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. இடைத்தரகர் நீங்கியது பெரிய ஆறுதல். எனினும் சந்தை, விளைந்த பொருளுக்குத்தான் விலை தரும். விளையாமற் போனதற்கு அங்கே இடமில்லை. கோ. நம்மாழ்வார் (1938–2013) ஊர் ஊராக நடந்து இயற்கை வேளாண்மையைப் பேசியபின், நகரத்தார் சிலர் உழவரை நேரே தேடிச் செல்லலாயினர். ஆரோவில்லின் சாலிட்யூட் பண்ணை, உறுப்பினர்களுக்கு விளைச்சலைக் கூடையாக அனுப்பும் முறையை நடத்தியிருக்கிறது.

விளைச்சலில் பங்கு என்பது நமக்குப் புதியதா? 1767 முதல் 1774 வரை செங்கற்பட்டுப் பகுதியில் தாமசு பர்னார்டு எடுத்த கணக்கெடுப்பைத் தரம்பால் போன்ற ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். களத்தில் நெல் அளக்கும்போதே கோயிலுக்கு, ஏரிக்கு, கணக்கருக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு என்று பங்குகள் பிரிக்கப்பட்டதை அப்பதிவுகள் சொல்கின்றன. மேரை, சுதந்திரம் என்றெல்லாம் அப்பங்குகளுக்குப் பெயருண்டு. விளைச்சல் குறைந்தால் எல்லார் மரக்காலும் குறையும்.

இதைப் பொற்காலம் என்று போற்ற நாம் முன்வரவில்லை. அப்பங்கைப் பிறப்பு விதித்தது. களத்தின் ஓரத்தில் நின்று கையேந்திப் பெற்றவருக்கு உழைக்க மறுக்கும் உரிமை இருந்ததில்லை. அந்த முறையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்றே: மழையின் கணக்கை உழவன் ஒருவனே தீர்க்கவேண்டியதில்லை என்பது. தெய்க்கெய் அதனைச் சாதியின் பிடியிலிருந்து விலக்கி, விரும்பியோர் செய்துகொள்ளும் உடன்பாடாக நம்முன் வைக்கிறது.

வருசநாட்டுக்கு முன்பணம் தெரியாததன்று. மண்டியில் முன்பணம் வாங்கியவர் விளைச்சலை அந்த மண்டிக்கே போடவேண்டும். விளையாவிட்டால் முன்பணம் கடனாக நிற்கும். நாங்கள் கொடுத்த பணமும் முன்பணமே. அது எப்போது கடனாகும், எப்போது பங்காகும் என்பதில்தான் வேறுபாடு முழுவதும் அடங்கியிருக்கிறது.

தை பிறந்ததும் அந்த உழவரின் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தோம். நாங்கள் வாய்திறக்கும் முன்பே அவர் ஒரு நோட்டை எடுத்து வந்தார். ஒவ்வொரு குடும்பத்தின் பெயருக்கும் எதிரே, கொடுத்த பணம், அனுப்பிய காயின் மதிப்பு, மீதித் தொகை என்று எழுதியிருந்தார். “அடுத்த வெள்ளாமையில கழிச்சிரலாம் சார்” என்றார். பங்கு, பங்கு என்று நாங்கள் பேசியிருந்தோம். அவர் கேட்டுப் பழகிய சொல்லோ கடன். கணக்குக் கேட்ட நண்பரும் எங்களோடுதான் இருந்தார். அவர்தான் முதலில் பேனாவை வாங்கித் தம் பெயருக்கு எதிரே இருந்த மீதியை அடித்தார்.

எல்லாரும் அடிக்கவில்லை. இரு குடும்பங்கள் மீதியைப் பெற்றுக்கொண்டு விலகின. அவர்களைக் குறைசொல்ல மாட்டோம், மாதச் சம்பளத்துக்கும் அதன் வறட்சி உண்டு. எஞ்சியவர்கள் அடுத்த பருவத்துக்கும் பணம் கட்டினோம். இம்முறை தொகையை எழுதுமுன், மழை பொய்த்தால் யாருக்கு எவ்வளவு என்பதை முதலில் பேசினோம்.