எல்லைப்புறப் பள்ளியில் ஓவியப் பாடம்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. உடல்நலம் பேணுமாறு அறிவுறுத்தவே இப்பழமொழியைப் பெரும்பாலும் எடுத்தாளுகிறோம். இதனை நேர்ப்பொருளிலேயே கொண்டு, நம் சிறுவர் சிறுமியர் சித்திரம் எழுதிப் பழகுவதற்குரிய சுவர் எது, அதனை அவர்களுக்கு எழுப்பித் தர வேண்டியோர் யாவர் என்று வினவிப் பார்ப்பது அரிது. பள்ளிக்கூடத்தில் ஓவியப் பாடம் எவ்வாறு புகுந்தது, அது மாணவர் விரும்பத்தக்கதாகவும் எல்லார்க்கும் எட்டத்தக்கதாகவும் அமைய என்ன செய்தல் வேண்டும் என்பவற்றை வரலாற்றின் துணைகொண்டு இங்கு ஆராய்வோம்.

இந்த ஆராய்ச்சிக்கு நிலைக்களமாகக் காரோடு என்னும் சிற்றூரைக் கொள்வோம். திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், பாறசாலைக்கு அருகே, நெய்யாற்றின்கரை வட்டத்தில் அமைந்தது அவ்வூர். அதற்கு அப்பால் களியக்காவிளை, அது தமிழ்நாடு. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதனால், பிறந்த மண்ணைவிட்டு ஓரடியும் நகராமலே வேற்று மாநிலத்துத் தமிழரானோர் அப்பகுதியில் உண்டு. வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமும் பேசும் குழந்தைகள் அங்கே ஒரே பலகையில் அமர்ந்து பயில்கின்றனர். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் குழந்தைகளின் நிலையும் இதனின் வேறன்று. ஆகவே காரோட்டுக்குப் பொருந்துவது பிற ஊர்த் தமிழருக்கும் பொருந்தும்.

அப்பகுதி கல்விக்குப் புதியதன்று. பழைய விளவங்கோடு வட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் திருமால் கோயிலும் அதனோடு ஒரு சாலையும் நிறுவினான். சாலை என்பது அக்காலத்தில் கல்வி நிலையத்தைக் குறித்த சொல். அங்கு 95 மாணாக்கர் உண்டு உறைந்து கற்க அவன் ஏற்பாடு செய்ததைச் செப்பேடு கூறுகிறது. ஆனால் அச்சாலையில் இடம் பெற்றோர் குறிப்பிட்ட வேதப் பிரிவுகளைச் சேர்ந்தோரே. கல்லில் உரு வடிப்போரும் சுவரில் வண்ணம் தீட்டுவோரும் தம் தொழிலைத் தந்தையிடமும் ஆசானிடமும் பட்டறையிலேயே கற்றனர். எழுத்து ஓரிடத்திலும் சித்திரம் வேறோரிடத்திலுமாகக் கல்வி பிரிந்து நின்றது.

இவ்விரண்டையும் நம் மொழி பிரிக்கவில்லை என்பது நினையத்தக்கது. ஏட்டில் எழுதுவதற்கும் ஓவியம் தீட்டுவதற்கும் ‘எழுதுதல்’ என்னும் ஒரே வினையைத் தமிழர் வழங்கினர். மலையாளத்திலும் தரையில் வண்ணப் பொடிகளால் தெய்வ உருவம் அமைக்கும் கலைக்குக் களமெழுத்து என்றே பெயர். இரு மொழியின் எழுத்து வடிவங்கள் வேறுபட்டன. சித்திரத்தை எழுத்தாகக் கருதும் எண்ணம் மட்டும் இரண்டிலும் ஒன்றாக நிலைத்தது.

கற்பிப்போர் மனம் வையாவிடின் கலை எத்துணை எட்டாக் கனியாகும் என்பதற்குத் திருவிதாங்கூர் அரண்மனையே சான்று. கிளிமானூரில் 1848இல் பிறந்த இரவிவர்மா 14 வயதுச் சிறுவராக 1862இல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்து வரப்பட்டார். அங்கு எண்ணெய் வண்ண ஓவியத்தில் வல்லவராயிருந்த இராமசாமி நாயக்கர் தம் கலை நுணுக்கங்களை அச்சிறுவருக்குக் கற்பிக்க இசையவில்லை. நாயக்கரின் மாணவரான ஆறுமுகம் பிள்ளை என்பார் ஆசிரியர் அறியாமல் வந்து சில நுட்பங்களை உணர்த்தினார் என்று வரலாறு எழுதியோர் கூறுவர். 1868இல் வந்த தியோடர் சென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியரும் தாம் தீட்டும்போது அருகிருந்து பார்க்க மட்டுமே இடம் தந்தார். பார்த்துப் பார்த்தே பயின்ற இரவிவர்மா 1873இல் வியன்னா நகரக் கண்காட்சியில் பரிசு பெற்றார். மன்னர் ஆதரவு பெற்ற ஒருவருக்கே கலைக்கதவு இவ்வளவு இறுக மூடியிருந்ததெனின், ஆதரவற்ற ஊர்ப்புறக் குழந்தைகளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

பள்ளியில் சித்திரப் பாடம் பரவியது ஆங்கிலேயர் காலத்தில். அலெக்சாண்டர் அண்டர் என்னும் மருத்துவர் 1850இல் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது. கொல்கத்தாவில் 1854இலும் மும்பையில் 1857இலும் இத்தகைய பள்ளிகள் எழுந்தன. திருவனந்தபுரத்திலும் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு கலைப்பள்ளி உருவாயிற்று. அது 1975இல் கவின்கலைக் கல்லூரியாக உயர்ந்தது.

இப்பள்ளிகள் வகுத்த நெறி இலண்டனின் தென் கென்சிங்டனில் உருவானது. அது 23 படிநிலைகளைக் கொண்டது. முதலில் நேர்கோடு, பின்னர் வளைகோடு, அதன்பின் அச்சிட்ட படத்தைப் பார்த்து வரைதல், பின்னர் கனசதுரம், கூம்பு முதலிய திண்வடிவங்கள், அவற்றின்பின் சுதை வார்ப்புகள் என அது ஏறிச் செல்லும். தொழிற்சாலைகளுக்கும் பொதுப்பணிக்கும் பிழையற வரையும் கைகளை ஆக்குவதே அதன் குறிக்கோள். அக்குறிக்கோளுக்கு அது தக்கதாகவே இருந்தது. ஆனால் அதன் நிழல் சிறுவர் வகுப்புகளிலும் விழுந்தது. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு குடத்தை வரைவார். 40 பிள்ளைகளும் அக்குடத்தையே வரைவர். வீட்டில் தாய் இடுப்பில் சுமக்கும் குடம் வேறு வடிவில் இருப்பினும் அது பாடத்திற்கு ஆகாது. அழிப்பானும் அடிக்கோலும் ஓவியத்தின் முதற்கருவிகளாயின. படம் வரைய வராது என்று தம்மைத் தாமே முடிவு கட்டிக்கொண்டு பள்ளியை விட்டு வெளியேறியோர் எத்தனையோ பேர்.

இந்நெறிக்கு மாற்று, இரவிவர்மா பரிசு பெற்ற அதே வியன்னா நகரில் எழுந்தது. பிரான்சு சிசெக் என்னும் ஆசிரியர் 1897இல் அங்குச் சிறுவர்க்கெனத் தனிக் கலை வகுப்பைத் தொடங்கினார். தச்சர் ஒருவர் இல்லத்தில் தங்கியிருந்தபோது, அங்குள்ள குழந்தைகள் வேலிப் பலகைகளில் தாமாகவே வரைந்து மகிழ்வதைக் கண்டு அவர் வியந்தார் என்பர். குழந்தையின் ஓவியம் முதியோர் ஓவியத்தின் குறைவடிவன்று, தனக்கென ஒழுங்குடைய வேறொரு மொழி என்பது அவர் கண்ட முடிவு.

நம் நாட்டில் இவ்வுண்மையை வாழ்வோடு பொருத்திக் காட்டியது சாந்திநிகேதன். தாகூர் 1901இல் அங்குப் பள்ளியைத் தொடங்கினார். 1919இல் கலாபவனம் எழுந்தது. அதற்குத் தலைமை தாங்கிய நந்தலால் போசு மாணவரை வெட்டவெளிக்கு அழைத்துச் சென்று மரத்தையும் மாட்டையும் உழவரையும் உற்று நோக்கப் பழக்கினார். வங்கப் பெண்டிர் அரிசிமாவால் தரையில் இடும் அல்பனா அங்குப் பாடமாயிற்று. பிறவியிலிருந்தே பார்வைக் குறையுடைய வினோத் பிகாரி முகர்சிக்கும் அப்பள்ளி இடம் தந்தது. அவர் பெரும் ஓவியரானார். 50 வயதைக் கடந்தபின் பார்வையை அறவே இழந்தும், வண்ணத்தாள்களை வெட்டி ஒட்டியும் 1972இல் ஓட்டுத் துண்டுகளால் சுவரோவியம் அமைத்தும் தம் கலையைத் தொடர்ந்தார். ‘இவனுக்கு இது வராது’ என்னும் தீர்ப்பு எத்துணை அவசரமானது என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது.

காந்தியடிகளின் ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்த சாகிர் உசேன் குழு 1937இல் சித்திரத்தையும் இசையையும் பாடத்திட்டத்தில் சேர்த்தது. சாந்திநிகேதனில் பயின்ற தேவிபிரசாத் 1944இல் சேவாகிராமம் சென்று ஊர்ப்புறக் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்து, அவ்வநுபவத்தை நூலாகவும் எழுதினார். காயங்குளத்தில் பிறந்த கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1949இல் தில்லியில் தொடங்கிய சிறுவர் ஓவியப் போட்டி உலகக் குழந்தைகள் பலரை ஈர்த்தது. 2005ஆம் ஆண்டின் தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பு, 10ஆம் வகுப்பு வரை கலைக்கல்வி கட்டாயப் பாடமாக வேண்டும் எனப் பரிந்துரைத்தது. கொள்கைக்கு இனிக் குறைவில்லை. கணக்கு ஆசிரியருக்குக் கடன் கொடுக்கப்படும் பாடவேளை எது என்று கேட்டால், பெரும்பாலும் ஓவியப் பாடவேளையே என்பதுதான் இன்னும் நீங்காத குறை.

இவ்வரலாறு காரோடு போன்ற ஊர்ப் பள்ளிக்கு என்ன வழி காட்டுகிறது? முதலாவது, பாடம் குழந்தை கண்டறிந்த பொருளிலிருந்து தொடங்க வேண்டும். தமிழ் வீட்டுச் சிறுமி புள்ளிக் கோலம் அறிவாள். நேர்ப்புள்ளிக்கும் இடைப்புள்ளிக்கும் உள்ள வேறுபாட்டை அவளே வகுப்பிற்கு விளக்கலாம். 7 புள்ளியில் தொடங்கி 4 புள்ளி வரை இடைப்புள்ளி வைத்தால் அறுகோணம் எழுவதைக் கண்டு அனைவரும் வியப்பர். மலையாள வீட்டுச் சிறுவன் ஓணத்திற்கு அத்தம் நாள் முதல் நாள்தோறும் வட்டம் வட்டமாக வளரும் பூக்களத்தை அறிவான். கோலம் புள்ளிகளைச் சுற்றி இழையோடும். பூக்களம் நடுவிலிருந்து விரியும். இரண்டும் ஒத்திசைவு என்னும் ஒரே இலக்கணத்தின் இரு வழிகள். அன்று அவ்வகுப்பில் இரு மாணவர் ஆசிரியராவர். எவரும் மொழியால் பின்தங்கார்.

இரண்டாவது, கருவி எளியதாக இருத்தல் வேண்டும். வண்ணப் பெட்டி வாங்க இயலாத பிள்ளை அப்பாடவேளையில் தலைகுனிந்து அமர்தல் ஆகாது. களமெழுத்துக் கலைஞர் ஐந்து வண்ணங்களைக் கடையில் வாங்குவதில்லை. அரிசிமாவு வெண்மை தரும், மஞ்சள்தூள் மஞ்சளாகும், மஞ்சளோடு சுண்ணாம்பு கலக்கச் சிவப்பு தோன்றும், உமிக்கரி கருமையாம், உலர்ந்த பச்சிலைப் பொடி பசுமையாம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கும் காட்சியை மாணவர் தம் கையாலேயே செய்து காணட்டும். அப்பாடத்தில் ஓவியத்தோடு வேதியியலும் வந்து சேரும். வண்ணம் காண இயலாத குழந்தைக்குக் களிமண்ணும் பனையோலையும் விரல்வழியே வடிவத்தைப் புலப்படுத்தும்.

மூன்றாவது, ஊரின் கைத்தொழில் வகுப்பறைக்குள் வர வேண்டும். நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே பாலராமபுரம் உள்ளது. 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மா காலத்தில், தமிழ் பேசும் சாலியர் குடும்பங்கள் தெற்கிலிருந்து அழைத்துவரப்பட்டு அங்கே குடியமர்த்தப்பட்டன. இன்று கேரளத்தின் பெருமையாகப் போற்றப்படும் பாலராமபுரம் கசவு ஆடைக்கு அவ்வாறு குடிபெயர்ந்த கைகளும் காரணம். இரு வண்ணத் தாள்களை நாடாவாக நறுக்கி, ஒன்றைப் பாவாகவும் மற்றதை ஊடையாகவும் பின்னச் செய்தால் நெசவின் நுட்பம் 10 வயதுக் குழந்தைக்கும் விளங்கும். அதனோடு தன் முன்னோர் வரலாறும் விளங்கும்.

நான்காவது, பாடவேளைக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். 40 நிமிடமாயின் முதல் 10 நிமிடம் காணவும் பேசவும், அடுத்த 20 நிமிடம் செய்யவும், எஞ்சியது அனைத்தையும் சுவரில் ஒருங்கே மாட்டிக் கண்டு மகிழவும் ஆகட்டும். மதிப்பெண்ணுக்காக ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுதல் வேண்டா. ஆண்டிற்கொரு முறை மாணவரைப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துச் செல்லலாம். தமிழ்நாட்டு மண்ணில் நின்றும் கேரள அரசின் தொல்லியல் துறையால் பேணப்படுவது அது. மரத்தில் செதுக்கிய பூவேலைப்பாட்டைக் காணும் குழந்தை, அது எம்மாநிலத்துப் பூ என்று கேட்பதில்லை.

அயல் மாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு இறுதியாக ஒன்று கூறுவோம். தமிழ்க் குடும்பத்தில் 1924இல் கூத்துப்பறம்பில் பிறந்த கே. ஜி. சுப்பிரமணியன் கேரளத்தில் வளர்ந்து, சென்னையில் படித்து, சாந்திநிகேதனில் கலை பயின்று, பரோடாவில் ஆசிரியரானார். மரத்திலும் தோலிலும் மணியிலும் பொம்மைகள் செய்தார். குழந்தைகளுக்கு நூல்கள் எழுதிப் படமும் தீட்டினார். சென்ற இடத்து மண்ணின் கலையைக் கற்றுத் தம் கைவண்ணத்தையும் அதற்கு வழங்கியவர் அவர். நம் பிள்ளைகள் புதிய ஊர்ப் பள்ளியில் நுழையும் முதல் ஆண்டில், வகுப்பு மொழி நாவில் ஏறுமுன் அவர்கள் தயங்காமல் பேசத்தக்க இடம் ஓவியப் பாடவேளையே. அதனை வீண்பொழுது என்று நாம் எண்ணின், அவர்களுக்கு எளிதில் கிட்டிய மொழியைப் பறித்தவராவோம். வாசலில் கோலம் இடும்போது குழந்தையை அருகில் இருத்திக்கொள்வோம். பள்ளி ஆசிரியரைக் காணும்போது கணக்கையும் அறிவியலையும் வினவுவதோடு, இவ்வாரம் என்ன வரைந்தார்கள் என்பதையும் கேட்போம். பெற்றோர் கேட்கும் பாடவேளையைப் பிறருக்குக் கடன் கொடுக்க எந்தப் பள்ளியும் தயங்கும்.