முடி சூடாது ஆண்ட மாலிக் அம்பர்

வாகட்டிலிருந்து வடக்கே, சாக்கண் வழியாக நாசிக் செல்லும் நெடுஞ்சாலையில் நாராயண்காவ் வரை சென்று மேற்கே திரும்பினால் ஜுன்னர் என்னும் பழைய ஊர் வரும். அவ்வூரை ஒட்டி நிற்கும் ஷிவ்னேரிக் கோட்டை சத்ரபதி சிவாஜி பிறந்த இடம். விடுமுறை நாளில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அக்கோட்டைக்குச் சென்றுவந்த தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதியில் பல உண்டு. ஆயினும், சிவாஜி பிறப்பதற்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டிற்கு முன்னர், அதே ஜுன்னரைத் தலைநகராகக் கொண்டு ஆட்சி நடத்தியவன் ஆப்பிரிக்காவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்டவன் என்பதை நம்மில் அறிந்தவர் சிலரே. அவன் பெயர் மாலிக் அம்பர்.

படைத்தலைவர்களின் ஆட்சி என்றவுடன் இருபதாம் நூற்றாண்டின் மேற்கு ஆப்பிரிக்கா பலருக்கு நினைவிற்கு வருதல் இயல்பு. டோகோ நாட்டில், பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்த எயதேமா என்பவர் 1967ஆம் ஆண்டு ஆட்சியைக் கைப்பற்றி, 2005ஆம் ஆண்டு இறக்கும்வரை அதனை விடவில்லை. நைஜீரியாவில் தளபதி சானி அபாச்சா 1993ஆம் ஆண்டு ஆட்சியைப் பிடித்து, 1998ஆம் ஆண்டு பதவியிலிருக்கும்போதே மாண்டார். ஆனால், படைபலத்தால் அரசைக் கைக்கொள்வது ஒரு கண்டத்திற்கு மட்டும் உரிய வழியன்று. மைசூரில் ஹைதர் அலியும், மதுரையில் கான் சாகிபும் அவ்வழியில் உயர்ந்தவர்களே. அவர்களுக்கெல்லாம் முன்னோடியாகத் தக்காணத்தில் விளங்கியவன் அம்பர். வாளால் பெற்ற ஆட்சியில் எது அழிகிறது, எது எஞ்சுகிறது என்னும் வினாவிற்கு அவன் வாழ்க்கை ஒரு தெளிவான விடை தருகிறது.

1548ஆம் ஆண்டை ஒட்டி, அபிசீனியா என்று அன்று வழங்கிய எத்தியோப்பிய நாட்டில் அவன் பிறந்தான். சாப்பு என்பது இளமைப் பெயர். சிறுவனாக இருக்கையிலேயே அடிமை வணிகர் கையில் சிக்கிச் செங்கடலைக் கடந்தான். கைமாறிக் கைமாறிப் பாக்தாத் நகரை அடைந்தான். அங்கே அவனை வாங்கிய வணிகன், அவனுடைய அறிவுக்கூர்மையைக் கண்டு கல்வி கற்பித்து, இஸ்லாத்தில் சேர்த்து, அம்பர் என்று பெயரிட்டான். பின்னர்க் கப்பலேறித் தக்காணம் வந்தான். அகமதுநகர் நிஜாம்ஷாஹி அரசின் முதலமைச்சனான செங்கிஸ்கான் அவனை விலைக்கு வாங்கினான். அந்த அமைச்சனும் ஒரு காலத்தில் அபிசீனிய அடிமையாக இருந்தவனே!

இது நமக்கு வியப்பளிக்கலாம். அக்காலத்துத் தக்காணச் சுல்தான்கள் உள்ளூர்ப் பிரபுக்களை முற்றிலும் நம்பவில்லை. உற்றாரும் ஊரும் அற்ற அடிமை வீரன் தன்னை வாங்கியவனையே சார்ந்திருப்பான் என்பது அவர்கள் எண்ணம். ஆகவே ‘ஹப்ஷி’கள் என வழங்கிய அபிசீனியர்களைப் படையில் பெருவாரியாகச் சேர்த்தனர். திறமை காட்டியவர் விடுதலை பெற்றுத் தளபதியாகவும் உயரலாம். செங்கிஸ்கான் இறந்தபின் அவன் மனைவி அம்பரை விடுவித்தாள். விடுதலை பெற்றவன் சில ஆண்டுகள் பிஜப்பூர் அரசில் ஊழியம் செய்து ‘மாலிக்’ என்னும் பட்டத்தைப் பெற்றான். பின்னர்த் தன்னை நம்பிய குதிரை வீரர்களுடன் அகமதுநகருக்கே திரும்பினான்.

அவன் திரும்பிய வேளை அவ்வரசின் கேடுகாலம். அக்பரின் படைகள் தெற்கு நோக்கி வந்துகொண்டிருந்தன. 1595-96ஆம் ஆண்டுகளில் அரசி சாந்த் பீபி அகமதுநகர்க் கோட்டையைத் தீரத்துடன் காத்தாள். ஆனால் 1600ஆம் ஆண்டில் அவள் தன் தரப்பினராலேயே கொல்லப்பட்டாள். கோட்டை வீழ்ந்தது, இளவரசன் சிறைப்பட்டுக் குவாலியருக்கு அனுப்பப்பட்டான். அரசு முடிந்துவிட்டது என்றே மொகலாயர் கருதினர்.

அம்பர் அவ்வாறு கருதவில்லை. நிஜாம்ஷாஹி வம்சத்தைச் சேர்ந்த ஒருவனைத் தேடிப் பிடித்து, பராண்டா என்னும் கோட்டையில் இரண்டாம் முர்தசா என்னும் பெயரில் அரசனாக்கினான். தன் மகளையும் அவ்வரசனுக்கு மணமுடித்துக் கொடுத்தான். தான் பேஷ்வா, அதாவது முதலமைச்சன் ஆனான். அவனுக்குப் போட்டியாக நின்ற ராஜு தக்கணி என்னும் தலைவனை வென்று, தலைநகரை 1607ஆம் ஆண்டு ஜுன்னருக்கு மாற்றினான். 1610ஆம் ஆண்டில் அகமதுநகர்க் கோட்டையையும் மொகலாயரிடமிருந்து மீட்டு, தௌலதாபாதிற்குத் தலைநகரைக் கொண்டுசென்றான்.

சர்வாதிகாரி என்று நாம் மொழிபெயர்க்கும் பதவி பண்டைய ரோமாபுரியில் சட்டம் வகுத்த ஒன்று; ஆபத்துக் காலத்தில் ஒருவனிடம் முழு அதிகாரத்தையும் ஒப்படைப்பர்; ஆனால் ஆறு திங்களுக்கு மேல் அவன் அதனை வைத்திருத்தல் ஆகாது. அம்பரின் அதிகாரத்திற்கு அத்தகைய வரம்பு எதுவும் இல்லை. அரசன் ஒருவன் இருந்தான், ஆணை அம்பருடையது. அரசன் தனித்து நிற்க முயன்றபோது என்ன நேர்ந்தது என்பதை, அம்பரை நேரில் கண்ட ஒரு டச்சு வணிகர் எழுதி வைத்திருக்கிறார். அரசனின் மற்றொரு மனைவி அம்பரின் மகளை அடிமைப் பெண் என்று இழித்துரைத்தாளாம். 1610ஆம் ஆண்டில் அரசன் நஞ்சிட்டுக் கொல்லப்பட்டான். அவனுடைய இளம் மகன் மூன்றாம் புர்ஹான் என்னும் பெயரில் அரியணை ஏற்றப்பட்டான். தானே உண்டாக்கிய அரசனைத் தானே அழித்த இச்செயலை, அம்பரின் பெருமையைப் பேசும்போது நாம் மறைத்தல் ஆகாது.

அவனுடைய போர்த்திறன் மொகலாயப் பேரரசையே திகைக்கச் செய்தது. அவனிடம் பதினாயிரம் ஹப்ஷிகளும் நாற்பதினாயிரம் தக்காணத்தாரும் இருந்தனர் என்று அக்காலத்து ஆங்கில வணிகர் ஒருவர் குறித்துள்ளார். அத்தக்காணத்தாருள் மராட்டியக் குதிரை வீரர் மிகுதி. யானையும் பீரங்கியும் கூடாரமுமாக மெல்ல நகரும் மொகலாயப் படையை வெட்டவெளியில் எதிர்த்து நிற்பது அறியாமை என்பதை அம்பர் உணர்ந்தான். ஆகவே பகைவரின் உணவு வண்டிகளைத் தாக்குவது, குடிநீரைத் தடுப்பது, இரவில் பாய்ந்து விடியுமுன் மலைகளில் மறைவது என்னும் போர்முறையைக் கையாண்டான். தோல்விகளும் நேராமல் இல்லை. 1616ஆம் ஆண்டு மொகலாயர் அவன் நகரை எரித்தனர். மறு ஆண்டு இளவரசன் குர்ரமிடம் அகமதுநகர்க் கோட்டையை ஒப்படைக்க நேர்ந்தது. ஆனால் படை திரும்பிச் சென்றதும் அம்பர் மீண்டும் எழுவான்.

பேரரசன் ஜஹாங்கீரின் சினத்திற்கு ஓர் ஓவியமே சான்று. உலக உருண்டையின்மேல் நின்று, ஈட்டிமுனையில் செருகப்பட்ட அம்பரின் தலையை நோக்கி ஜஹாங்கீர் அம்பெய்வதாக அவருடைய அரசவை ஓவியர் அபுல் ஹசன் தீட்டியுள்ளார். களத்தில் கிட்டாத வெற்றி ஓவியத்தில் கிட்டியது!

1624ஆம் ஆண்டில், அகமதுநகருக்கு அருகிலுள்ள பாத்வாடியில், மொகலாயரும் பிஜப்பூராரும் ஒன்றுசேர்ந்து வந்தனர். ஏரிக்கரையை உடைத்து அவர்கள் வழியை வெள்ளக்காடாக்கிய அம்பர், சேற்றில் சிக்கிய இரு படைகளையும் முறியடித்தான். அவன் பக்கத்தில் நின்று போரிட்டவர்களுள் ஒருவன் ஷாஹாஜி போன்ஸ்லே, சிவாஜியின் தந்தை. ஷாஹாஜியின் தம்பி ஷரீப்ஜி அக்களத்தில் உயிர் நீத்தான்.

படைவலிமை ஒருபுறமிருக்க, குடிமக்களுக்கு அவன் செய்தது யாது? அதுவரை வரி வசூலைக் குத்தகைக்கு விடுவதே வழக்கம். குத்தகைக்காரன் அரசுக்குக் கட்டியதைவிடப் பன்மடங்கு உழவனிடம் கறப்பான். அம்பர் அம்முறையை நீக்கினான். நிலங்களின் தரத்தைக் கணித்து, விளைச்சலுக்கு ஏற்ப வரி விதித்தான். முதலில் விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு தானியமாகவும், பின்னர் அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு பணமாகவும் பெறப்பட்டதாகக் கூறுவர். இன்றைய கண்ணுக்கு இதுவும் பெருஞ்சுமையே. ஆயினும் இவ்வளவுதான் கொடுக்கவேண்டும் என்ற உறுதி உழவனுக்குக் கிடைத்தது. இரு நூற்றாண்டுகளுக்குப் பின், இப்பகுதி ஆங்கிலேயர் வசமானபோது, மாலிக் அம்பரின் வரித்திட்டத்தைச் சிற்றூர் மக்கள் இன்னும் நினைவில் வைத்திருந்ததை அவர்கள் கண்டனர்.

1610ஆம் ஆண்டை ஒட்டி அவன் கட்கி என்னும் நகரை நிறுவினான். இது புனேயிலுள்ள கட்கி அன்று. பின்னாளில் ஔரங்காபாத் என்றும், 2023ஆம் ஆண்டு முதல் சத்ரபதி சம்பாஜிநகர் என்றும் பெயர் பெற்ற நகரம். அந்நகருக்கு நிலத்தடி நீரைச் சுரங்கக் கால்வாய் வழியே கொண்டுவந்தான். ‘நஹ்ரே அம்பரி’ எனப்படும் அக்கால்வாயின் பகுதிகளை இன்றும் காணலாம்.

1626ஆம் ஆண்டு, ஏறத்தாழ எழுபத்தெட்டு வயதில் அம்பர் இறந்தான். குல்தாபாதில் அவன் கல்லறை உள்ளது. போரிலும் ஆட்சியிலும் அவனுக்கு இணையில்லை என்று, பகைவரான மொகலாயரின் வரலாற்றாசிரியரே எழுதினார்.

ஆனால் அரசின் கதி என்ன? லகுஜி ஜாதவ் போன்ற பெருந்தலைவர்கள் அம்பர் இருக்கும்போதே மொகலாயர் பக்கம் சென்றிருந்தனர். பாத்வாடி வெற்றிக்குப் பின் ஷாஹாஜியும் மனம் வேறுபட்டுப் பிஜப்பூர் சென்றான். அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொள்ள அம்பர் அறியவில்லை. அவனுக்குப் பின் அவன் மகன் பத்தேகான், தன் அரசனையே கொன்று ஒரு சிறுவனை அரியணையில் இருத்தினான். தந்தை காட்டிய வழி அதுதானே! 1633ஆம் ஆண்டு அவனே தௌலதாபாத் கோட்டையை மொகலாயரிடம் ஒப்படைத்து மானியம் பெற்றுக்கொண்டான். பின்னர் ஷாஹாஜி மற்றொரு சிறுவனை அரசனாக்கி மூன்றாண்டுகள் போராடிப் பார்த்தான். 1636ஆம் ஆண்டு நிஜாம்ஷாஹி அரசு முற்றும் மறைந்தது. இருபத்தாறு ஆண்டுகள் ஒரு பேரரசைத் தடுத்து நிறுத்திய கட்டடம், தாங்கிய தூண் சாய்ந்த பத்தாண்டுகளில் சரிந்துபோயிற்று. ஒரு தூணையே நம்பி எழுப்பிய கட்டடத்திற்கு வேறு முடிவு இல்லை.

அரசனை ஆக்கியதும் அழித்ததும் அவனுக்கு நிலைப்பைத் தரவில்லை. உழவனுக்கு அளித்த உறுதியும், நகருக்குக் கொணர்ந்த நீரும், சாதாரணக் குதிரை வீரனுக்கு ஊட்டிய நம்பிக்கையுமே நிலைத்தன. அம்பரின் களங்களில் மராட்டியர் தேர்ந்த போர்முறை பின்னர்ச் சிவாஜியின் கையில் ஒரு புதிய அரசையே உருவாக்கியது.

அதன் அலை நம் காவிரிக் கரையையும் தொட்டது. அம்பரின் கீழ்ப் போர் பயின்ற ஷாஹாஜியின் மற்றொரு மகன் ஏகோஜி, 1675ஆம் ஆண்டை ஒட்டித் தஞ்சையைக் கைப்பற்றினான். அவன் வழியினர் 1855ஆம் ஆண்டுவரை அங்கிருந்தனர். சரசுவதி மகால் நூலகத்தைப் பேணி வளர்த்தனர். மராட்டியர் தஞ்சைக்குச் சென்று தமிழகத்தில் வேரூன்றினர். நாம் தமிழகத்திலிருந்து இங்கு வந்து குடியேறியிருக்கிறோம். அம்பரோ இவ்விரு நிலத்திற்கும் உரியவன் அல்லன். விலைப்பொருளாக வந்திறங்கிய நிலத்தில் அவன் வெட்டிய கால்வாயே அவனை இன்றும் அந்நிலத்துக்காரனாக வைத்திருக்கிறது. அடுத்த முறை ஷிவ்னேரிக்குச் செல்லும் அன்பர்கள், கோட்டை மதிலிலிருந்து கீழே ஜுன்னரை நோக்கும்போது, அவனையும் ஒருகணம் நினைத்துப் பார்ப்பார்களாக.