வெல்ஷின் குறிப்பேடும் துரைசாமியும்

பாஞ்சாலங்குறிச்சிப் போரைப் பற்றி யார் எழுதினாலும் ஜேம்ஸ் வெல்ஷைத் தாண்டிப் போக முடியாது. கம்பெனிப் படையின் இளம் அதிகாரி. நம் பக்கம் கும்மியும் கதைப்பாடலும் இருக்கின்றன. ஆனால் களத்தில் நின்ற ஒருவர் எழுதியது என்று தேடினால், கையில் கிடைப்பது பெரும்பாலும் எதிரித் தரப்புதான்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நாம் படிப்பது போர்க்களத்தில் எழுதிய நாட்குறிப்பு அல்ல. ஏறக்குறைய நாற்பது வருடக் குறிப்பேட்டிலிருந்து எடுத்து, 1830-ல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக அச்சிட்ட புத்தகம். சாஃப்ட்வேர்க்காரன் பாஷையில் சொன்னால், லாக் ஃபைலுக்கு நடுவே பிற்பாடு எழுதிய கமெண்டுகளும் கலந்திருக்கின்றன. பிரித்துத்தான் படிக்கணும்.

முதலில், அவர் நேரில் கண்டவை. 1801 பிப்ரவரி 2 அன்று ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்புகிறார். ஒரே வாரத்தில் வெள்ளையர் படை பாஞ்சாலங்குறிச்சி போய்ப் பார்த்தால், 1799-ல் தரைமட்டமாக்கிய மண்கோட்டை மறுபடி எழுந்து நிற்கிறது! தூத்துக்குடியும் கிளர்ச்சிக்காரர்கள் கைக்குப் போகிறது. மார்ச் 31 தாக்குதலில் கம்பெனிப் படை தோற்றுத் திரும்புகிறது. மே 24-ல்தான் கோட்டை விழுகிறது. இதிலெல்லாம் வெல்ஷ் தன் படையின் தோல்வியை மறைக்கவில்லை. அதனாலேயே இந்தப் பகுதியை நம்பலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது, கேள்விப்பட்டவை. காயம்பட்டுக் கிடந்த ஊமைத்துரையைப் பெண்கள் துணியால் மூடி, அம்மையில் இறந்த பையன் என்று ஒப்பாரி வைத்துக் காப்பாற்றிய கதை பலருக்கும் தெரியும். அது வெல்ஷ் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் அவர் அங்கே நின்று பார்த்திருக்க முடியாது. அதற்காக அது பொய் என்று ஆகிவிடாது. ஊர் வாய்வழிச் செய்தி ஒன்று எதிரியின் புத்தகத்திலும் ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, பிற்பாடு சேர்த்தவை. சின்ன மருதுவை வெல்ஷுக்கு 1795 வாக்கிலேயே தெரியும். ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக் கொடுத்தவரே சின்ன மருதுதான். 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்படுகிறார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும். 1802 பிப்ரவரியில் மற்ற கைதிகளோடு தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு நாடு கடத்தப்படுகிறான். தூத்துக்குடியில் அவன் தன் காவலில் இருந்தபோது விலங்கின் பாரத்தைக் குறைத்ததாக வெல்ஷ் எழுதுகிறார்.

அதே இடத்திலேயே கதை 1818-க்குத் தாவுகிறது. பினாங்கில் தளர்ந்துபோன ஒரு மனிதர் அவரைப் பார்க்க வருகிறார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. யார் என்று கேட்டதும் துரைசாமி என்று பதில் வருகிறது. நெஞ்சில் குத்தியது போல இருந்ததாம்.

1801 நிகழ்வுகளை எழுதும் கை, 1818-ல் பட்ட குற்ற உணர்வையும் சுமந்துகொண்டுதான் எழுதியிருக்கிறது. மருது குடும்பத்தைப் பற்றி அவர் கனிவாக எழுதும் ஒவ்வொரு வரியையும் இதை மனதில் வைத்தே படிக்க வேண்டும். விலங்கைக் குறைத்ததற்கு அவர் மட்டும்தான் சாட்சி. ஆனால் முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டிய ஒருவர் கிழவராகத் தெரிந்தார் என்பதை அவர் தனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த வரியை நான் நம்புகிறேன்.