பத்துமலையும் இயற்கைக் காப்பு அமைப்புகளும்: சமரசங்களின் வரலாறு

முன்னுரை

பத்துமலையின் வரலாற்றைத் தமிழர் எழுதுங்கால் பெரும்பாலும் 1891-ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவர். கே. தம்புசாமிப் பிள்ளை அங்கு முருக வழிபாட்டுக்கு வித்திட்டதும், 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருவதும் நாம் நன்கறிந்த செய்திகளாகும். இயற்கையியலார் எழுதும் வரலாறோ, 1878-இல் அமெரிக்கரான வில்லியம் ஹார்னடே இம்மலையைக் கண்டு உலகுக்கு அறிவித்ததிலிருந்து தொடங்குகிறது. இவ்விரு சாராருக்கும் முன்பே ஓராங் அஸ்லி மக்கள் இக்குகைகளை அறிந்திருந்தனர். ஒரே மலைக்கு இவ்வாறு பல வரலாறுகள் உள்ளன. இவை ஒன்றையொன்று சந்தித்த இடங்களில் இயற்கைக் காப்பு அமைப்புகள் எதிர்கொண்ட சமரசங்களையும் சர்ச்சைகளையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கல்லுடைப்பும் எதிர்ப்பும்

மலேசிய இயற்கைக் கழகம் 1940-இல் தோன்றியது. இந்நாட்டின் மூத்த இயற்கைக் காப்பு அமைப்பாக விளங்கும் இக்கழகம், பத்துமலையில் நடைபெற்ற கல்லுடைப்பை எதிர்த்துக் குரல் கொடுத்தது. வெடிவைத்துப் பாறையைத் தகர்ப்பது குகைவாழ் உயிர்களுக்கும் கோயிலுக்கும் ஒருசேர ஊறு விளைவிப்பதாகும். 1980-களின் தொடக்கத்தில் கல்லுடைப்பு முடிவுக்கு வந்தது. எனினும், இவ்வெற்றியினுள் ஒரு சிக்கலும் பொதிந்திருந்தது. வளரும் கோலாலம்பூருக்குக் கல் தேவைப்பட்டது. ஒரு குன்றைக் காத்தால் அச்சுமை வேறொரு குன்றின்மேல் விழும். கோயிலோ புகழோ இல்லாத குன்றுகளுக்காகப் பேசுவோர் யார் என்னும் வினா அன்றும் எழுந்திருக்க வேண்டும். இன்றும் நம்முன் நிற்கிறது.

இருட்டுக் குகை

கோயிலுக்குச் செல்லும் 272 படிகளின் இடைவழியில், இடப்புறமாக இருட்டுக் குகை அமைந்துள்ளது. 1923-இல் அறிவியலார் விவரித்த லிபிஸ்டியஸ் பாத்துயென்சிஸ் என்னும் அரிய பொறிக்கதவுச் சிலந்தி இங்கு வாழ்கிறது. வெளியே இரைதேடித் திரும்பும் வௌவால்களின் எச்சமே இக்குகையின் உணவுக்கு அடிப்படை. அதனை உண்ணும் பூச்சிகளையும், பூச்சிகளை உண்ணும் பிற உயிர்களையும் அவ்வெச்சமே வாழ்விக்கிறது. வெளிச்சமும் இரைச்சலும் வௌவால்களை விரட்டுமாயின் இச்சங்கிலி முழுதும் அறுபடும்.

குகையை முற்றிலும் மூடினால் அத்துமீறி நுழைவோரைக் கண்காணிக்க ஆளும் பணமும் இரா. திறந்தால் உயிர்களுக்கு இடர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாக, வழிகாட்டிகளின் துணையோடு குகையின் ஒரு பகுதியை மட்டும் பார்வையாளர்களுக்குக் காட்டும் முறை கையாளப்பட்டது. இது காப்பா, வணிகமா என வினவுவோர் இருக்கலாம். நம் கருத்தில், காப்புப் பணிக்கு நிலையான அரசு நிதி இல்லாதவிடத்து இத்தகைய சமரசம் தவிர்க்க இயலாதது. ஆயினும், 2019-இல் இச்சுற்றுலா நின்றமை, அனுமதியை நம்பி இயங்கும் ஏற்பாடு எத்துணை நிலையற்றது என்பதைப் புலப்படுத்துகிறது.

அடுக்குமாடிச் சர்ச்சை

2012-இல் மலையடிவாரத்தில் 29 மாடிக் குடியிருப்புக் கட்டும் திட்டம் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. கோயில் நிருவாகத்தினரும் இயற்கை ஆர்வலரும் ஒரே திட்டத்தை எதிர்த்தனர். மாநில அரசு அவ்வாண்டிலேயே பணிகளை நிறுத்தியது. ஆனால், திட்டத்திற்கு 2007-இல் ஒப்புதல் வழங்கப்பட்டதும் 2008-இல் மாநில ஆட்சி மாறியதும் இவ்விவகாரத்தை அரசியல் பூசலாக்கின. ஒப்புதல் தந்தவர் யார், தடுக்கத் தவறியவர் யார் என்னும் வாதத்தில் மலையைப் பற்றிய பேச்சு பின்னுக்குத் தள்ளப்பட்டது. இத்தகைய சூழலில் காப்பு அமைப்புகள் பேசினால் கட்சி சார்ந்தவையாகக் கருதப்படும். பேசாதிருந்தால் கடமை தவறியவையாகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் ஓர் உண்மை தெளிவாகிறது. சமரசம் செய்தமை காப்பு அமைப்புகளின் குறையன்று; எதை விட்டுக்கொடுத்து எதைப் பெற்றோம் என்பதைப் பதிவு செய்யாமையே குறையாகும். இக்கடமையிலிருந்து நாமும் விலகி நிற்க இயலாது. கோயிலைத் தாங்கும் பாறையும் சிலந்தியைக் காக்கும் பாறையும் ஒன்றே. ஆதலின், பத்துமலையைப் பற்றி மாணவர்க்குக் கற்பிக்கும் தமிழாசிரியர்கள், படியேறும் அடியாரின் வரலாற்றோடு, அப்படிகளின் பக்கத்தே இருளில் வாழும் உயிர்களின் வரலாற்றையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். அடுத்த தலைமுறைக்கு இம்மலை முழுமையாகச் சென்றுசேர அதுவே முதற்படி எனலாம்.