எங்கே போய் வந்தீர்கள்?: பயண நலப் பயிற்சியின் வரலாறும் புளியங்குடி மருத்துவரும்

முன்னுரை

தென்காசியிலிருந்து மதுரை செல்லும் சாலையில், கடையநல்லூருக்கும் வாசுதேவநல்லூருக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது புளியங்குடி. எலுமிச்சைச் சந்தையால் பெயர் பெற்ற ஊர். இங்கிருந்து காய் ஏற்றும் வண்டிகள் மலை தாண்டிக் கேரளத்துக்குப் போகின்றன. வளைகுடா நாடுகளுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் பிழைப்புக்குப் போவது இந்த வட்டாரத்தில் பல தலைமுறைப் பழக்கம். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது என்பது அதற்குச் சான்று. கடல் கடந்து பிழைக்கப் போனவரைக் குறிக்க தமிழ் முஸ்லிம் ஊர்களில் 'சபுராளி' என்று ஒரு தனிச் சொல்லே உண்டு.

புளியங்குடியில் துறைமுகம் இல்லை, விமான நிலையமும் இல்லை. ஆனால் பயணம் புறப்படுகிறவரும் காய்ச்சலோடு திரும்புகிறவரும் முதலில் பார்ப்பது உள்ளூர் மருத்துவரைத்தான். பயண நலம் குறித்த அறிவும் பொறுப்பும் துறைமுக வாசலிலிருந்து அந்த மருத்துவரின் மேசைக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பொறுப்பு வந்து சேர்ந்த வேகத்துக்குப் பயிற்சி வந்து சேரவில்லை என்பதும், அந்த இடைவெளியை இணையவழிப் பயிற்சியால் நிரப்ப முடியும் என்பதும் இதன் வாதம்.

முகாமின் காலம்

1851இல் பாரிசில் முதல் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. வாந்திபேதியும் கொள்ளைநோயும் கப்பலேறி வருவதைத் தடுப்பது எப்படி என்பதே அதன் கவலை. 1865இல் மக்காவில் புனிதப் பயணிகளிடையே காலரா பரவியபின், இந்தியாவிலிருந்து போகும் ஹஜ் கப்பல்கள் மீது உலகத்தின் பார்வை திரும்பியது. 1895இல் இந்தியாவில் புனிதப் பயணிகள் கப்பல்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது.

நம் பக்கத்தில் இந்த வரலாற்றின் அழுத்தமான தடம் இலங்கைப் பயணம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணிகளோடு தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் தூத்துக்குடி அருகே தட்டப்பாறை முகாமிலும், 1914இல் பாம்பன் பாலம் திறந்து தலைமன்னார் வழி பிறந்தபின் மண்டபம் முகாமிலும் தடுத்து வைக்கப்பட்டார்கள். அம்மை குத்துவதும், உடைமைகளைக் கிருமிநீக்கம் செய்வதும், நாள் கணக்கில் கண்காணிப்பதும் அங்கே நடந்தன. தோட்டத் தொழிலாளிக்கு இருந்த கெடுபிடி மேல்வகுப்புப் பயணிக்கு இல்லை.

அந்த ஏற்பாட்டில் மருத்துவரின் வேலை சோதிப்பதும் தடுப்பதுமே. போகிறவரின் உடல்நலத்தை விட, போய்ச் சேரும் நாட்டின் பாதுகாப்பே முதன்மை. பயணியிடம் எதையும் கேட்டறிய வேண்டிய தேவை எழாததால், மருத்துவருக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணமும் எழவில்லை.

முல்கோவால் தந்த பாடம்

பிளேக் தடுப்பூசி வந்தபோது பாதுகாப்பு என்ற சொல்லுக்கு, போடும் மருந்தின் பாதுகாப்பு என்ற இன்னொரு பொருளும் வந்தது. 1897 ஜனவரியில் பம்பாயில் வால்டெமார் ஹாஃப்கின் தாம் உருவாக்கிய பிளேக் தடுப்பு மருந்தை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். 1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் அந்த மருந்தைப் போட்டுக்கொண்ட 107 பேரில் 19 பேர் டெட்டனஸ் கண்டு இறந்தார்கள். இறந்த அத்தனை பேருக்கும் ஒரே புட்டியிலிருந்து மருந்து போடப்பட்டிருந்தது. அதன் எண் 53என்.

பழி முழுவதும் ஹாஃப்கின் மீது விழுந்தது, பதவியும் போனது. பின்னர்தான் உண்மை வெளிப்பட்டது. கிராமத்தில் புட்டியைத் திறந்தபோது உதவியாளரின் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்திருக்கிறது. அதைச் சரிவரக் கிருமிநீக்கம் செய்யாமலே பயன்படுத்தியிருக்கிறார்கள். 1907இல் ஹாஃப்கின் மீதான பழி நீங்கியது.

பயண நலத்தில் 'பொறுப்பு முறைமை' என்று இன்று பேசப்படுவதன் முழு உள்ளடக்கமும் இந்த நிகழ்ச்சியில் இருக்கிறது. மருந்து எங்கே வைக்கப்பட்டது, யார் திறந்தார், யாருக்குப் போட்டார், புட்டியின் எண் என்ன, பின்விளைவு நேர்ந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற ஐந்துக்கும் பதில் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். தவறு நேர்ந்தது ஆய்வகத்தில் அல்ல, கடைசி மனிதரின் கையில். ஆகவே பயிற்சி போய்ச் சேர வேண்டியதும் அந்தக் கடைசிக் கைக்குத்தான்.

சான்றிதழின் காலம்

1951இல் உலக சுகாதார நிறுவனம் பன்னாட்டுச் சுகாதார ஒழுங்குமுறைகளை ஏற்றது. முகாம் இருந்த இடத்துக்குத் தடுப்பூசிச் சான்றிதழ் வந்தது. பெரியம்மை ஒழிந்தபின், 1981இலிருந்து காலரா, பிளேக், மஞ்சள் காய்ச்சல் ஆகிய மூன்று நோய்களே ஒழுங்குமுறையில் எஞ்சின.

இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஏராளமாக இருக்கிறது. அதனால் அந்நோய் உள்ள நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வருகிறவர்களை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தும் விதி இங்கே கடுமையாகப் பின்பற்றப்படுகிறது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே அந்த ஊசி போடப்படும். சென்னை கிண்டியின் கிங் நிலையம் அவற்றுள் ஒன்று. ஆப்பிரிக்காவில் வேலைக்குப் போகும் புளியங்குடிக்காரர் ஊசிக்காக நகரத்துக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் முட்டை ஒவ்வாமை உண்டா, தைமஸ் சுரப்பியில் கோளாறு உண்டா, வயது அறுபதைத் தாண்டியவரா, நோயெதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதெல்லாம் அவருடைய உள்ளூர் மருத்துவருக்குத்தான் தெரியும். 2001இல் இந்தத் தடுப்பூசியின் அரிதான, உயிருக்கு ஆபத்தான பின்விளைவு மருத்துவ இதழ்களில் பதிவானபின் இந்தக் கேள்விகளின் எடை கூடியது.

அறிவு பழசாவதும் இங்கே தெரிகிறது. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்த மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ், 2016 ஜூலை 11 முதல் ஆயுள் முழுவதும் செல்லும் என்று ஆனது. கல்லூரியில் படித்த பாடத்தை மட்டும் நம்பியிருக்கும் மருத்துவர் ஒரு முதியவரைத் தேவையில்லாமல் இரண்டாம் ஊசிக்கு அனுப்பிவிடக்கூடும்.

2005: பொறுப்பு ஊருக்கு வந்தது

2003இன் சார்ஸ் நோய் பழைய முறையை உடைத்தது. பட்டியலில் இல்லாத நோய், விமானத்தில் ஏறி, சில வாரங்களில் பல நாடுகளுக்குப் போய்விட்டது. அதன்பின் எழுதப்பட்ட 2005ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் 2007 ஜூன் 15 அன்று நடைமுறைக்கு வந்தன. நோய்ப் பட்டியலோடு நிற்காமல், வழக்கத்துக்கு மாறான எந்த நோய் நிகழ்வையும் அவை கணக்கில் எடுக்கின்றன. அதைக் கண்டறிந்து தெரிவிக்கும் திறன் உள்ளூர் மட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. அந்தப் பொறுப்பு அன்றே புளியங்குடி போன்ற ஊர்களுக்கும் வந்துவிட்டது.

பின்வந்த ஆண்டுகள் இதை மெய்ப்பித்தன. 2020 மார்ச் 7 அன்று உறுதியான தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி ஓமனிலிருந்து திரும்பியவர். அடுத்த மாதமே தென்காசி மாவட்டத்தில் நோய் மிகுந்த பகுதிகளுள் ஒன்றாகப் புளியங்குடி பேசப்பட்டது. 2022 ஜூலையில் கண்டறியப்பட்ட இந்தியாவின் முதல் குரங்கம்மை நோயாளி கொல்லம் மாவட்டத்தவர்; அவர் ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து வந்தவர். செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் கொல்லம் மாவட்டம்தான்.

இணையவழிப் பயிற்சி

பயண மருத்துவம் தனித் துறையாக உருவானது 1991இல் அதற்கெனப் பன்னாட்டுச் சங்கம் தோன்றியபோது. 2003இலிருந்து அச்சங்கம் சான்றிதழ்த் தேர்வு நடத்துகிறது. பிரிட்டனில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போடும் மையங்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை பயிற்சியைப் புதுப்பிக்க வேண்டும். அதை இணையத்திலேயே செய்யலாம். அங்கே பயிற்சியும் மைய அங்கீகாரமும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கின்றன. பயிற்சி இல்லாத மையம் ஊசி போட முடியாது.

நம் நாட்டிலும் அடித்தளம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. 2006 முதல் குடும்ப மருத்துவத்தைத் தொலைநிலையில் கற்பிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் இலவச இணையப் பாடங்களைத் தொடங்கியது. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், அவ்வழியில் நோயாளியைப் பார்க்க விரும்பும் மருத்துவர் இணையவழிப் பாடம் ஒன்றை முடிக்க வேண்டும் என்று விதித்தன. ஐந்தாண்டுகளில் 30 மணிநேரத் தொடர்கல்வி என்ற நெறி மருத்துவர்களுக்குப் பழக்கமானதே. இந்த 30 மணிநேரத்தில் பயண நலத்துக்கு ஓரிடம் ஒதுக்கினால் போதும்.

ஆனால் அயல்நாட்டுப் பாடத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அது வெப்ப நாடுகளுக்குச் சுற்றுலா போகும் மேலைநாட்டவரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. நம் பயணி வேறு. கட்டட வேலைக்குப் போய் வெயிலில் நிற்பவர். சர்க்கரை நோயோடு ஹஜ்ஜுக்குப் போகும் முதியவர். விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் காசநோய்த் தழும்பு தெரிந்துவிடுமோ என்று அஞ்சுபவர். ஹஜ் பயணிக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் இன்சுலினை வெயிலில் எப்படிக் காப்பது, மாத்திரை வேளையைப் பயண நேரத்துக்கு எப்படி மாற்றுவது என்று சொல்லித்தர ஆள் வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பி மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் என்றால் மலேரியா இல்லை என்று இரத்தப் பரிசோதனை சொல்லும்வரை அதை மலேரியாவாகவே கருத வேண்டும் என்பதும் பாடத்தில் இருக்க வேண்டும். பாடம் தமிழில் இருக்கட்டும். மருத்துவரோடு செவிலியரும் மருந்தாளுநரும் அமர்ந்து கற்கட்டும். முல்கோவாலில் இடுக்கி விழுந்தது உதவியாளரின் கையிலிருந்துதான்.

முடிவுரை

முகாமின் காலத்தில் பயணியின் உடல் தடுக்கப்பட்டது. சான்றிதழின் காலத்தில் அவருடைய தாள் சோதிக்கப்பட்டது. இன்று அவர் சொல்லும் பயணக் கதையைக் கேட்டு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பழகிய காது வேண்டும். அந்தப் பழக்கத்தைச் சிற்றூர் வரை கொண்டுசேர்க்க இணையத்தை விட எளிய வழி இன்று இல்லை.

பயிற்சி பலித்ததா என்பதை அறிய ஓர் எளிய அளவுகோல் உண்டு. புளியங்குடிக் கிளினிக்கின் ஓ.பி. சீட்டில் பெயர், வயது, எடை, இரத்த அழுத்தம் எழுத இடம் இருக்கிறது. அவற்றுக்குக் கீழே, கடந்த மூன்று மாதத்தில் எங்கே போய் வந்தார் என்று எழுத ஒரு வரி சேர்ந்திருக்கிறதா, அந்த வரி நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும். 53என் என்று யாரோ குறித்து வைத்ததால்தான் முல்கோவாலின் உண்மை வெளிப்பட்டது. எழுதி வைக்கப்பட்ட இந்த ஒரு வரியும் நாளை ஓர் ஊரைக் காப்பாற்றும்.