குவா தம்புன்: கல்லில் இருந்து வந்த சிவப்பு

கெலுகோரில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தை, அதாவது யூஎஸ்எம்-ஐ, தினமும் பஸ்ஸில் கடந்து போறவங்க நிறைய பேர். அங்கிருந்து போன தொல்லியல் ஆய்வாளர்கள், ஈப்போ அருகே ஒரு சுண்ணாம்புப் பாறைச் சுவரில் 600-க்கும் அதிகமான உருவங்களைப் பதிவு செய்தது உங்களுக்குத் தெரியுமா?

அந்த இடம்தான் குவா தம்புன். 1959-இல் கூர்க்கா படைப்பிரிவு அதிகாரி ஒருவரின் கண்ணில் பட்டது. மான், கடற்பசு போன்ற விலங்குகள் அங்கே உண்டு. ஆனால் இன்னது என்று சொல்லவே முடியாத வடிவங்களும் ஏராளம். அப்ஸ்ட்ராக்ட் ஆர்ட் ஐரோப்பாவில் பிறந்தது என்று படித்திருப்பீங்க. இந்தச் சுவரைப் பார்த்தால் கொஞ்சம் சந்தேகம் வரும். தென்னாப்பிரிக்காவின் புளோம்போஸ் குகையில் காவிக்கல்லால் போட்ட குறுக்குக்கோடுகள் சுமார் 73,000 ஆண்டுகள் பழையவை.

இத்தனை காலம் எப்படி நிற்கிறது?

தம்புன் சிவப்பு, ஹெமடைட். இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம், சுருக்கமாகச் சொன்னால் துரு. செடிகொடிச் சாயம் வெயிலில் வெளுக்கும். ஏற்கெனவே துருப்பிடித்ததோ அதற்கு மேல் மாற வழியில்லாமல் அப்படியே நிற்கும். பொங்கலுக்குக் கோலத்தைச் சுற்றி அம்மா பூசும் காவியும் இதே இனம்தான்.

நீங்களும் செய்யலாம். பினாங்குத் தீவு கிரானைட் பாறை. அது சிதைந்தால் மஞ்சளும் சிவப்புமான மண். வீட்டுப் பக்கத்து மண்ணைக் காயவைத்து இடித்து, தண்ணீரில் கலக்குங்க. மணல் உடனே அடியில் தங்கும். மேலே நிற்கும் கலங்கல் நீரை வேறு பாத்திரத்தில் ஊற்றி ஒரு நாள் விடுங்க. அடியில் படியும் மெல்லிய சேறுதான் நிறமி. காயவைத்துப் பொடித்து, பிசின் அல்லது முட்டை மஞ்சள்கருவோடு குழைத்தால் பெயிண்ட் ரெடி. மஞ்சள் மண்ணைத் தீயில் சுட்டால் அதிலுள்ள நீர் வெளியேறிச் சிவக்கும். ஒரே மண்ணில் இரண்டு நிறம், செலவும் இல்லை!

பாறை உருவங்களுக்கு அந்த வசதி இல்லை, அழிந்தால் போனதுதான். குவா தம்புனில் வந்தவர்கள் தங்கள் பெயரைக் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். அதைத் துடைக்கப் போனால் அடியிலுள்ள ஹெமடைட்டும் சேர்ந்து வந்துவிடலாம். போனால் தொடாதீங்க. போட்டோ பளிச்சென்று வரணும்னு சுவரில் தண்ணீரும் தெளிக்காதீங்க.