அடகு வைத்த தங்கமும் கட்டி முடித்த தவணையும்: இந்தியா 1991, இலங்கை 2022

1991 ஜூலையில் இந்திய ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பியது. இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அதை அடகு வைத்துக் கிடைத்த தொகை சுமார் 40 கோடி டாலர். 2022 ஜனவரியில், பால்மாவுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, முதிர்வடைந்த சர்வதேசக் கடன் பத்திரம் ஒன்றுக்காக இலங்கை அரசு 50 கோடி டாலரைக் கட்டித் தீர்த்தது.

இரண்டு அரசுகளும் இதைச் செய்தது ஒரே காரணத்துக்காகத்தான். வெளிநாட்டுக் கடனில் தவணை தவறிய நாடு என்ற பெயர் வந்துவிடக் கூடாது. இந்தியா தப்பித்தது. இலங்கையோ, அந்தப் பணத்தைக் கட்டி மூன்று மாதம் முடிவதற்குள், ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இலங்கை கடன் தவறியது அதுவே முதல்முறை.

இரண்டு நாடுகளும் போய் நின்றது சர்வதேச நாணய நிதியத்தின் வாசலில். அந்த நிதியத்தை மீட்பர் என்று சிலரும் நாசகாரர் என்று சிலரும் சொல்கிறார்கள். இரு நெருக்கடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டுமே போதாத விளக்கங்கள் என்று தெரிகிறது. எப்போது போனார்கள், யாருக்குக் கடன் பட்டிருந்தார்கள், சுமையை யார் தலையில் ஏற்றினார்கள் என்ற மூன்று கேள்விகளே முடிவைத் தீர்மானித்தன.

சரிவுக்கு வந்த வழி

இந்தியாவின் சரிவு எண்பதுகளில் தொடங்கியது. அரசு வரவுக்கு மீறிச் செலவு செய்தது. 1990-91இல் மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீத அளவுக்குப் போயிருந்தது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்ததும் எண்ணெய் விலை எகிறியது. வளைகுடாத் தொழிலாளர்கள் வேலையிழந்து ஊர் திரும்பினார்கள். அவர்கள் அனுப்பிவந்த பணம் குறைந்தது. வெளிநாடுவாழ் இந்தியர்கள் தங்கள் வைப்புத் தொகையை எடுக்கத் தொடங்கினார்கள். 1991 ஜனவரியில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு 120 கோடி டாலருக்கு இறங்கியது. சில வார இறக்குமதிக்கு மட்டுமே அது போதும்.

இலங்கையின் நெருக்கடியில் வெளி அடியும் சொந்தத் தவறும் பின்னிக் கிடக்கின்றன. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பும் அடுத்து வந்த கொரோனாவும் சுற்றுலா வருமானத்தைத் துடைத்தன. ஆனால் 2019 இறுதியில் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக வெட்டியது அரசின் சொந்த முடிவு. 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் தடைசெய்து நெல் வயலையும் தேயிலை மலையையும் ஒருசேர வாட்டியதும் அரசுதான். டாலரின் விலையை 200 ரூபாயை ஒட்டியே பிடித்து வைத்ததால் வெளிநாட்டில் உழைத்தவர்கள் வங்கியைத் தவிர்த்து உண்டியல் எனும் முறைசாரா வழியில் பணம் அனுப்பினார்கள். 2019 முடிவில் 760 கோடி டாலராக இருந்த கையிருப்பில், 2022 இளவேனிலில் செலவழிக்கக் கூடியதாக எஞ்சியது 5 கோடிக்கும் குறைவு.

போன நேரம்

இங்குதான் முதல் பெரிய வேறுபாடு. இந்தியாவில் சந்திரசேகர் தலைமையிலான சிறுபான்மை அரசு பலவீனமானது. பட்ஜெட்டைக்கூட நிறைவேற்ற முடியாதது. ஆனாலும் 1991 ஜனவரியிலேயே நாணய நிதியத்திடம் சுமார் 180 கோடி டாலர் பெற்றது. மே மாதம், கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்திருந்த 20 டன் தங்கத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு விற்றது. அதே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். தேர்தல் முடிந்து நரசிம்ம ராவ் பிரதமராகப் பதவியேற்றது ஜூன் 21. ஜூலை 1, 3 ஆகிய நாள்களில் ரூபாயின் மதிப்பு இரு தவணையாகக் குறைக்கப்பட்டது. ஜூலை 24இல் நிதியமைச்சர் மன்மோகன் சிங்கின் பட்ஜெட் வந்தது. ஆகஸ்ட் கடைசியில் நிதியத்துக்குக் கடிதம் போனது. அக்டோபர் இறுதியில் 220 கோடி டாலர் கடன் உறுதியானது. அடகு வைத்த தங்கம் சில மாதங்களில் மீட்கப்பட்டது. ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்தவர் எஸ். வெங்கிடரமணன். நிதியமைச்சர்களும் பிரதமர்களும் மாறிய அந்த ஆண்டில் வங்கியும் நிதி அமைச்சகமும் வேலையைத் தொடர்ந்து செய்தன.

கொழும்பில் நடந்தது வேறு. நாணய நிதியத்திடம் போகவேண்டும் என்று பொருளியல் அறிஞர்கள் 2021 முழுதும் சொல்லியும், மத்திய வங்கி ஆளுநர் அஜித் நிவாட் கப்ரால் அந்த யோசனையை ஏற்கவில்லை. கையிருப்பு கரையும்வரை தவணைகள் கட்டப்பட்டன.

தங்கத்துக்கும் 50 கோடி டாலருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இந்தியா தங்கத்தைக் கொடுத்து, சீர்திருத்தம் தொடங்குவதற்கான அவகாசத்தை வாங்கியது. இலங்கை கட்டிய பணமோ முடிவெடுப்பதைத் தள்ளிப்போடுவதற்கு மட்டுமே உதவியது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் போயிருக்க வேண்டிய அந்தத் தொகை பத்திரக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

கடன் கொடுத்தவர்கள்

நேரத்தை மட்டும் குறைசொன்னால் அது இலங்கைக்கு அநீதி. 1991இல் இந்தியாவின் வெளிக்கடனில் பெரும்பகுதி உலக வங்கி போன்ற பன்னாட்டு நிறுவனங்களும் அரசுகளும் நீண்டகாலத்துக்குக் கொடுத்தது. கையில் ரொக்கம் இல்லையே தவிர, கடன் அடைக்க முடியாத அளவுக்கு ஏறியிருக்கவில்லை. யாரிடமும் கடனைத் தள்ளச் சொல்லி நிற்க வேண்டிய தேவை வரவில்லை.

இலங்கை 2007 முதல் சர்வதேசச் சந்தையில் இறையாண்மைப் பத்திரங்களை விற்றுக் கடன் வாங்கியது. கடன் தவறியபோது அந்தப் பத்திரங்களே 1,200 கோடி டாலருக்கு மேல் இருந்தன. அவற்றுடன் சீனா, ஜப்பான், இந்தியா ஆகிய நாடுகளின் கடன் தனித்தனியே நின்றது. அடைக்கவே முடியாத அளவு கடனுள்ள நாட்டுக்கு, மற்றவர்கள் சலுகை தருவோம் என்று உறுதி சொன்னால்தான் நிதியம் கடன் தரும். அதனால் 2022 செப்டம்பர் 1 அன்று அதிகாரிகள் மட்டத்தில் எட்டிய உடன்பாட்டுக்கு நிர்வாகக் குழுவின் ஒப்புதல் கிடைத்தது 2023 மார்ச் 20 அன்றுதான். தொகை சுமார் 300 கோடி டாலர். இந்தியா ஜனவரியில் உறுதி தந்தது. சீனாவிடமிருந்து போதுமான உறுதி மார்ச் வரை வரவில்லை. கடன் கொடுத்த நாடுகளோடு ஒப்பந்தம் 2024 ஜூனில் முடிந்தது. பத்திர மாற்றம் அந்த ஆண்டு டிசம்பரில்.

தனிமனிதரோ நிறுவனமோ கடன் அடைக்க முடியாமல் போனால் வழக்கு மன்றமும் திவால் சட்டமும் இருக்கின்றன. நாடுகளுக்கு அப்படி ஒன்று இல்லை. நாணய நிதியத்தின் துணை நிர்வாக இயக்குநராக இருந்த ஆன் குரூகர் 2001இல் அதற்கான ஒரு முறையை முன்வைத்தார். அமெரிக்காவின் ஆதரவு கிடைக்காததால் 2003இல் அது கைவிடப்பட்டது. நிதியத்தின் மிக முக்கியமான முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் 16 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. ஆக, ஒரு நாட்டின் விருப்பமின்றி விதிகளை மாற்ற முடியாது. இலங்கை காத்திருந்த மாதங்கள் இந்த அமைப்பின் குறைபாட்டுக்கு மக்கள் கொடுத்த விலை.

சுமை யார் தலையில்

1991 பட்ஜெட்டில் உர விலையைச் சராசரியாக 40 சதவீதம் ஏற்ற மன்மோகன் சிங் முன்மொழிந்தார். நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது; ஆளும் கட்சிக்குள்ளேயே எழுந்தது. உயர்வு 30 சதவீதமாகக் குறைந்தது. சிறு, குறு விவசாயிகளுக்கு விலக்கு கிடைத்தது. பெரும்பான்மை இல்லாத அரசு என்பதாலேயே அது எதிர்க்குரலைக் கேட்டது. கடன் தருபவர் விதிக்கும் நிபந்தனைக்குள்ளும் ஒரு ஜனநாயகம் பேரம் பேசலாம் என்பதற்கு இது சான்று.

இலங்கையில் பேரம் பேசும் இடம் சுருங்கிவிட்டிருந்தது. 2022 ஆகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 பிப்ரவரியில் மேலும் 66 சதவீதம். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதம் ஆனது. உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகள் விலக்கப்பட்டன. தொழிலாளர்களின் ஊழியர் சேமலாப நிதி குறைந்த வட்டிப் பத்திரங்களை ஏற்க வேண்டிவந்தது. தோட்டத் தொழிலாளியின் முதுமைக்கால சேமிப்பும் அந்த நிதியில்தான் இருக்கிறது. பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்ட ஆண்டில் அவர்கள் ஏற்கெனவே தங்கள் பங்கைக் கட்டிவிட்டவர்கள்.

நிதியம் வரியைக் கூட்டச் சொன்னதில் நியாயம் உண்டு. அரசின் வருவாய் உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீத அளவுக்கு விழுந்திருந்தது. ஆனால் எந்த வரி, யார் மீது என்பதை முடிவுசெய்வது அரசியல். 2019இல் வரிக் குறைப்பால் அதிகம் லாபம் அடைந்தவர்களிடமிருந்து முதலில் வசூலித்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டின் பங்கு

இரண்டு கதைகளையும் இணைக்கும் இழை ஒன்று உண்டு. 1991இல் கடன் கேட்டு நின்ற இந்தியா, 2000இல் நிதியத்துக்கான பாக்கியை முழுதும் அடைத்தது. 2009இல் நிதியத்திடமிருந்தே 200 டன் தங்கம் வாங்கியது. 2022இல் இலங்கைக்குச் சுமார் 400 கோடி டாலர் அளவில் கடனும் எரிபொருளும் உணவும் மருந்தும் தந்தது. தமிழ்நாடு அரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் அனுப்பியது. அந்த மார்ச் மாதமே மன்னார் பகுதிக் குடும்பங்கள் பசிக்குப் பயந்து தனுஷ்கோடியில் வந்து இறங்கத் தொடங்கியிருந்தன. நிதியத்தின் முடிவு வரும்வரை இலங்கையைத் தாங்கி நிறுத்தியது இந்த உதவிதான்.

நிதியத்தின் நிர்வாகக் குழுவில் இந்தியா, இலங்கை, வங்கதேசம், பூட்டான் நான்குக்கும் ஒரே பிரதிநிதி. அந்த இருக்கையிலிருந்து இந்தியா எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. கடன் மறுசீரமைப்புக்குக் கால வரம்போடு கூடிய பொது விதி வேண்டும். கடன் கொடுத்தவர்கள் கூடிப் பேசும் மாதங்களில் உணவு, மருந்து இறக்குமதிக்குத் தனி நிதி உடனே கிடைக்க வேண்டும். தொழிலாளர் சேமிப்பைத் தொடுமுன் தனியார் பத்திரக்காரர்கள் தங்கள் பங்கை ஏற்க வேண்டும். 1991இல் தங்கத்தைக் கொடுத்துத் தப்பித்த நாடு, அடகு வைக்கத் தங்கம்கூட மிச்சமில்லாத நாடுகளின் சார்பாக இதைக் கேட்க எல்லாத் தகுதியும் பெற்றது.